நான்கு கோடி ரெக்கார்டில் இருபதாயிரம்: வரிசையான பெரிய கோப்பிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்து இரவு பத்து மணி என்றால் கும்பகோணத்தில் காலை ஏழரை. அங்கே அலுவலகம் அடங்கி, ஆள் தலையீடு இல்லாமல் ஓடும் பேட்ச் ஜாப்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் நேரத்தில்தான் இங்கே நான் முதல் டம்ளர் காபியோடு உட்காருகிறேன். நான் வேலை செய்யும் மெயின்ஃப்ரேம், அதாவது பெரிய நிறுவனங்களின் கணக்கை ஓட்டும் பெருங்கணினி, இருப்பது கடல் தாண்டி. அதன் இரவுப் பாடு முழுவதும் என் பகலில் நடக்கிறது. அப்படி ஒரு காலையில் மன்னார்குடியிலிருந்து தம்பி ஒருவன் அழைத்தான். இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆனவன்.

"அண்ணா, ஜாப் இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இருபதாயிரம் பாலிசிக்குத்தான் பிரீமியம் ரெக்கார்டு எடுக்கிறேன்."

"கோப்பு எந்த வரிசையில் இருக்கிறது?"

"பாலிசி எண் வரிசையில்."

"உன் ஜாப்பின் முதல் ஸ்டெப் என்ன?"

சற்று நேரம் சத்தமே இல்லை. "பாலிசி எண்ணில் சார்ட் செய்கிறேன், அண்ணா."

ஏற்கெனவே வரிசையில் இருப்பதை மறுபடி வரிசைப்படுத்தும் (சார்ட்) இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வரிசையாக இருக்கும் கோப்பு சும்மா வந்ததல்ல. யாரோ ஒரு முந்தைய ஜாப்பில் சிபியு நேரமும் சார்ட்வொர்க் (வரிசைப்படுத்தத் தற்காலிகமாகப் பிடிக்கும் டிஸ்க்) இடமும் செலவழித்துக் கட்டி வைத்த வாய்க்கால் அது. அதைத் தூர்த்துவிட்டு மறுபடி வெட்டக் கூடாது. தண்ணீரை அதன் வழியே விட்டால் போதும். எந்த மதகைத் திறப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு ஜேசிஎல் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளைகள்) எழுதுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் வேண்டும்.

முதலில் கணக்கு

தம்பியின் கோப்பையே எடுத்துக்கொள்கிறேன். 4 கோடி ரெக்கார்டு, ஒவ்வொன்றும் 100 பைட், சாதாரண வரிசைக் கோப்பு. முதல் 10 பைட் பாலிசி எண் (தேடும் அடையாளம், அதாவது கீ), அடுத்த 8 பைட் தேதி. ஒரே பாலிசிக்குப் பல தவணைகள், ஆகவே பாலிசி எண் திரும்பத் திரும்ப வரும்.

மெயின்ஃப்ரேமின் 3390 வகை டிஸ்கில் ஒரு டிராக்கில் (டிஸ்கின் ஒரு வட்டத்தில்) 56,664 பைட் கொள்ளும். ஒரே வீச்சில் படிக்கும் ரெக்கார்டுக் கட்டுக்குப் பிளாக் என்று பெயர். பாதி டிராக்குக்கு ஒரு பிளாக் என்று வைத்தால் பிளாக் 27,998 பைட்டைத் தாண்டக் கூடாது. 100-ஆல் வகுபடும்படி 27,900. ஒரு பிளாக்கில் 279 ரெக்கார்டு, டிராக்கில் 558, பதினைந்து டிராக் சேர்ந்த ஒரு சிலிண்டரில் 8,370. ஆக 4 கோடிக்கு 4,779 சிலிண்டர். பிளாக் கணக்கில் 1,43,370. (ஒரு வால்யூமில், அதாவது ஒரு டிஸ்கில், சாதாரண வரிசைக் கோப்புக்கு 65,535 டிராக், அதாவது 4,369 சிலிண்டர்தான் உச்சம். எனவே இந்தக் கோப்பை லார்ஜ் வகையாக உருவாக்கியிருக்க வேண்டும், அல்லது பல வால்யூம்களில் பரப்பியிருக்க வேண்டும்.)

பிளாக் அளவை நீங்களே போட வேண்டியதில்லை. பிளாக்சைஸ் பூஜ்யம் என்று விட்டால் சிஸ்டமே நல்ல அளவைத் தேர்ந்துகொள்ளும். யாரோ பழைய ஜேசிஎல்லை நகல் எடுத்து, பிளாக் அளவும் ரெக்கார்டு அளவும் ஒன்றே என்று விட்டுவைத்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு ரெக்கார்டும் தனிப் பிளாக். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு கீழே சொல்லும் எந்த வித்தையைச் செய்தாலும் பலன் அரைகுறைதான். முதலில் அதைச் சரியான பிளாக்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

இப்போது தேவை எவ்வளவு என்று பாருங்கள். 20,000 பாலிசி, கோப்பு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கோப்புக்கு இண்டெக்ஸ் (எந்தக் கீ எங்கே என்று காட்டும் அட்டவணை) இருந்து, அது நினைவகத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நேரடியாக ஒவ்வொன்றாகத் தேடினால், சுமார் 20,000 டிஸ்க் வாசிப்பு. வரிசையாக முழுதும் படித்தால் 1,43,370 பிளாக். ஆனால் ஒரே மூச்சில் ஐந்து பஃபர் (ஒரு பிளாக் கொள்ளும் நினைவக இடம்) நிரம்பினால் 28,674 வாசிப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிற்கின்றன! பஃபரை முப்பதாக்கினால் வரிசை வாசிப்பு 4,779-க்கு இறங்கிவிடும். இண்டெக்ஸ் இருந்தால் எப்போதும் வேகம் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டியல் 3 லட்சம் பாலிசியாக இருந்தால் பேச்சே இல்லை. பிளாக்குக்குச் சராசரி இரண்டு கீ விழும். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பிளாக்கைத் தொட்டே ஆக வேண்டும். முழுதும் படியுங்கள். மாறாக 50 பாலிசி மட்டும் என்றால் முழுதும் படிப்பது அநியாயம்.

உண்மையிலேயே வரிசைதானா?

கோப்பு வரிசையில் இருக்கிறது என்று சொல்பவரை நம்புங்கள், கோப்பை நம்பாதீர்கள். சரிபார்க்க ஒரு பழைய கைவேலை உண்டு. ஐபிஎம்மின் வரிசைப்படுத்தும் கருவியான டிஎஃப்சார்ட்டில் சார்ட்டுக்குப் பதில், வரிசையான கோப்புகளை இணைக்கும் மெர்ஜ் கட்டளை கொடுத்து, சார்ட்இன்01 என்று இந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் காட்டி, வெளியீட்டை டம்மியாக விடுங்கள். மெர்ஜ் தன் இயல்பிலேயே வரிசையைச் சோதிக்கும். எங்காவது பிசகினால் ஐசிஇ068ஏ என்ற செய்தியோடு நின்றுவிடும். முழுக் கோப்பை ஒருமுறை படிக்கும் செலவுதான். சார்ட்வொர்க் எதுவும் தேவையில்லை.

இதை ஒவ்வொரு நாளும் செய்யச் சொல்லவில்லை. புதிய கோப்பு கைக்கு வரும்போது ஒருமுறை.

தொடர்ச்சியான ஒரு பகுதி வேண்டும் என்றால்

பாலிசி எண் 0040000000 முதல் 0040999999 வரை. பலர் உடனே இன்க்ளூட் என்ற வடிகட்டும் கட்டளையை எழுதுவார்கள்: கீ இதற்குச் சமம் அல்லது மேல், அதற்குச் சமம் அல்லது கீழ். விடை சரியாகத்தான் வரும். ஆனால் டிஎஃப்சார்ட்டுக்கு இந்தக் கோப்பு வரிசையில் இருப்பது தெரியாது. உங்கள் பகுதி கோப்பின் முதல் பத்தில் ஒரு பங்கில் முடிந்துபோனாலும், மிச்ச ஒன்பது பங்கையும் அது பொறுமையாகப் படித்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும்.

எத்தனை ரெக்கார்டு வரும் என்று முன்பே தெரிந்தால் ஸ்டாப்ஆஃப்ட் கொடுக்கலாம். தேர்வான ரெக்கார்டு அந்த எண்ணிக்கையை எட்டியதும் வாசிப்பு நிற்கும். ஸ்கிப்ரெக் கொடுத்து முன்பகுதியைத் தாண்டலாம் என்பார்கள். அது தாண்டுவதில்லை, படித்துக்கொண்டே கடக்கிறது. எண்ணிக்கை தெரியாதபோது கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில் முப்பது வரிப் புரோகிராம் போதும்: மேல் எல்லையைத் தாண்டிய முதல் ரெக்கார்டைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவது. (வீட்டில் நாள் முழுவதும் தொலைபேசியில் "கோபால் சரியாக இருக்கிறது, கோபாலில்தான் தப்பு" என்று பேசியதைக் கேட்டு, அந்தக் கோபால் எந்த ஊர்ப் பையன் என்று என் அத்தை ஒருமுறை விசாரித்தார்.)

கோப்பு இண்டெக்ஸோடு வரும் வீசாம் கேஎஸ்டிஎஸ் வகையாக இருந்தால் புரோகிராமே வேண்டாம். ஐடிகேம்ஸ் என்ற கோப்புக் கருவியில், நகலெடுக்கும் ரெப்ரோ கட்டளைக்கு ஃப்ரம்கீ, டூகீ இரண்டையும் கொடுத்தால் இண்டெக்ஸ் வழியாக நேரே தொடக்கத்துக்குப் போய், முடிவில் நின்றுவிடும். நீங்கள் கொடுத்த தொடக்கக் கீ கோப்பில் இல்லாவிட்டாலும் அதற்கு அடுத்த பெரிய கீயிலிருந்து எடுக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு தலைப்பு உண்டு. வெண்ணாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அந்த ஷட்டரைத்தான் மதகைக் கவனிக்கும் லஸ்கர் தூக்குவார். நான்கையும் திறந்துவிட்டு, வேண்டாத மூன்றையும் பிறகு அடைக்க ஓடமாட்டார். இன்க்ளூட் செய்வது அந்த ஓட்டம்.

பட்டியல் கொடுத்து எடுக்க: ஜாயின்கீஸ்

பத்து இருபது கீ என்றால் இன்க்ளூட்டில் வரிசையாக எழுதிவிடலாம். அதற்கு மேல் போனால் கட்டளை நீளும், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அத்தனை ஒப்பீடு, நாளை ஒரு கீயைச் சேர்க்கக் கட்டளையைத் திருத்த வேண்டும். பட்டியல் தனிக் கோப்பில் இருக்கட்டும்.

பட்டியலை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். அதைக் கீ வரிசையில் சார்ட் செய்து, சம் ஃபீல்ட்ஸ் நன் கொடுத்து இரட்டைகளை நீக்குங்கள். 20,000 வரிக்கு இது கண்ணிமைக்கும் வேலை. சார்ட் செய்ய வேண்டியது சிறிய கோப்பை, பெரியதை அல்ல. தம்பி இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தான்.

பிறகு, இரண்டு கோப்பைக் கீ வைத்துப் பொருத்தும் டிஎஃப்சார்ட் கட்டளையான ஜாயின்கீஸ். எஃப்1 பெரிய கோப்பு, எஃப்2 பட்டியல். ஒரே கீ அதிகம் திரும்பும் கோப்பை எஃப்1 ஆக வைப்பது நல்லது. நமக்கு அது பெரிய கோப்புதான். இரண்டுக்கும் கீ 1-ஆம் இடத்திலிருந்து 10 பைட், ஏறுவரிசை. இங்கேதான் முக்கியமான ஒரு சொல்: சார்டட். இதை எழுதாவிட்டால் ஜாயின்கீஸ் தானாகவே இரண்டு கோப்பையும் சார்ட் செய்யும். 4 கோடி ரெக்கார்டையும்தான். எழுதினால் நகலெடுப்பது போலப் படித்துக்கொண்டே, வரிசை சரியா என்று பார்த்துக்கொண்டு போகும், பிசகினால் நிறுத்திவிடும். அந்தச் சோதனையும் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு சொல் உண்டு. நான் அதை எழுதுவதே இல்லை. சோதனைக்கு ஆகும் சிபியு சொற்பம். வரிசை குலைந்த கோப்பிலிருந்து சத்தமில்லாமல் பாதி விடை வந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆகும் நாட்கள் சொற்பமல்ல.

வெளியே எது வர வேண்டும் என்று சொல்லும் ரீஃபார்மட் கட்டளையில் எஃப்1-இன் 1 முதல் 100 வரை கேளுங்கள். பிரதான கட்டளை காப்பி. ஜாயின் கட்டளை எதுவும் கொடுக்காவிட்டால் இரு பக்கமும் பொருந்தியவை மட்டும் வரும். நமக்கு அதுதான் வேண்டும். பட்டியலில் இரட்டைகளை நீக்காமல் விட்டிருந்தால், இரண்டு முறை வந்த பாலிசியின் 40 தவணையும் 80 ஆகும். தொகையைக் கூட்டும் அடுத்த ஜாப்புக்கு அது போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தேதி போன்ற வேறு நிபந்தனை இருந்தால் அதை எஃப்1-க்கான ஜேஎன்எஃப்1கன்ட்ல் பகுதியில் இன்க்ளூட்டாக எழுதுங்கள். சேர்ப்பதற்கு முன்பே வேண்டாதவை உதிர்ந்துவிடும்.

நாமே எழுதும் மேட்ச்-மெர்ஜ்

ஜாயின்கீஸ் இருக்கும்போது புரோகிராம் எதற்கு என்று கேட்கலாம். பட்டியல் தீர்ந்த நொடியில் நிற்க வேண்டும், பொருந்தாத கீயை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஏதாவது கணக்கிட வேண்டும் என்றால் புரோகிராம்தான். தவிர இது தெரியாதவருக்கு மற்றவை எல்லாம் மந்திரமாகவே இருக்கும்.

1964-இல் ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்த காலத்தில் பெரிய மாஸ்டர் கோப்புகள் டேப்பில் இருந்தன. டேப்பில் முன்னும் பின்னும் தாவித் தேடுவது கட்டுப்படியாகாது. இரண்டு டேப்பையும் ஒரே வரிசையில் வைத்து, இணையாக ஓட்டிப் பொருத்தினார்கள். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வலங்கைமான், நீடாமங்கலம் என்று நிறுத்தங்கள் வரிசையில் வரும். கண்டக்டர் கையில் பார்சல் சீட்டும் அதே வரிசையில் இருந்தால் அவர் மேல் சீட்டை மட்டும் பார்த்தால் போதும். பஸ் ஒருபோதும் பின்னால் திரும்ப வேண்டியதில்லை. கடைசிச் சீட்டு நீடாமங்கலத்தோடு முடிந்தால் அவருடைய பார்சல் வேலையும் அங்கேயே முடிந்தது.

சிறிதாக ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். பட்டியலில் 1007, 1012, 1030. பெரிய கோப்பில் 1003, 1007, 1007, 1009, 1015, 1030, 1030, 1031, அதற்குப் பின் கோடிக்கணக்கில்.

கையில் பட்டியலின் 1007, கோப்பின் 1003. கோப்பு சிறியது, கோப்பைப் படி. 1007 வந்தது, சமம். எழுது, கோப்பை மட்டும் படி. மறுபடி 1007, எழுது, கோப்பைப் படி. 1009 வந்தது, கோப்பு பெரியதாகிவிட்டது. இப்போது பட்டியலைப் படி, 1012. கோப்பின் 1009 சிறியது, படி, 1015. கோப்பு பெரியது, 1012-க்கு ஒன்றும் பொருந்தவில்லை. அதை "கிடைக்காதவை" கோப்பில் எழுதிவிட்டுப் பட்டியலைப் படி, 1030. கோப்பைப் படி, 1030, எழுது, 1030, எழுது, 1031 வந்தது, பட்டியலைப் படி. பட்டியல் முடிந்தது. நிறுத்து. மிச்சக் கோடிகளை யாரும் தொடவில்லை.

புதியவர்கள் அனைவரும் செய்யும் பிழை "சமம்" என்ற இடத்தில் இருக்கிறது: எழுதிவிட்டு இரண்டு கோப்பையும் படிப்பார்கள். அப்போது பட்டியல் 1012-க்கு நகர்ந்துவிடும், இரண்டாவது 1007 சிறியது என்று தள்ளப்படும். சோதனைத் தரவில் ஒரு பாலிசிக்கு ஒரு ரெக்கார்டு மட்டும் இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஆகவே சோதனைத் தரவில் இரட்டை, பட்டியலின் முதல் கீயே கோப்பில் இல்லாமை, கடைசிக் கீ கோப்பின் முடிவுக்கும் அப்பால் இருப்பது ஆகிய மூன்றையும் கட்டாயம் வையுங்கள். கோப்பு முதலில் முடிந்துவிட்டால் அதன் கீயில் ஹை-வேல்யூஸ், அதாவது எல்லாக் கீயையும் விடப் பெரிய மதிப்பு, நிரப்புங்கள். மிச்சப் பட்டியல் தானாகவே கிடைக்காதவைக்குப் போய்விடும், தனி லாஜிக் எழுத வேண்டாம்.

கேஎஸ்டிஎஸ்ஸில் தாவித் தாவி

கீகள் குறைவு, கோப்பு வீசாம் என்றால் நேரடி வாசிப்பு. கேஎஸ்டிஎஸ்ஸில் முதன்மைக் கீ இரட்டையாக இருக்கக் கூடாது என்பதால் இங்கே கீ பாலிசி எண்ணும் தேதியும் வரிசை எண்ணும் சேர்ந்ததாக இருக்கும். கோபாலில் அக்சஸ் மோட் டைனமிக் (தாவவும் தொடரவும் முடிகிற முறை) வைத்து, பாலிசி எண்ணை மட்டும் கொடுத்து ஸ்டார்ட். பிறகு பாலிசி எண் மாறும் வரை ரீட் நெக்ஸ்ட். ஸ்டார்ட்டுக்கு 23 என்று ஸ்டேட்டஸ் வந்தால் அந்தப் பாலிசி இல்லை. ரீட் நெக்ஸ்ட்டுக்கு 10 வந்தால் கோப்பு முடிந்தது.

இங்கும் பட்டியல் வரிசையில் இருப்பது அவசியம். லாஜிக்குக்கு அல்ல, வேகத்துக்கு. அடுத்தடுத்த கீகள் ஒரே கன்ட்ரோல் இன்டர்வலில் (வீசாமின் பிளாக் போன்றது) விழுந்தால் அது ஏற்கெனவே பஃபரில் இருக்கும். டிஸ்குக்குப் போக வேண்டாம். பட்டியலைக் கலைத்துக் கொடுத்தால் அதே 20,000 வாசிப்புக்கு டிஸ்கின் தலை தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். தாவி வாசிக்கும்போது பஃப்என்ஐ, அதாவது இண்டெக்ஸ் பஃபர், அதிகம் வேண்டும். தொடர்ந்து வாசிக்கும்போது பஃப்என்டி. ஜேசிஎல்லில் கோப்பைக் குறிக்கும் டிடி வாக்கியத்தின் ஏஎம்பி பகுதியில் போட்டால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம்.

இத்தனையாவது ரெக்கார்டு என்று கேட்டு எடுக்கும், இண்டெக்ஸ் இல்லாத ரிலேட்டிவ் கோப்பில், நடுவே காலி இடம் இல்லாமல், கீ வரிசையில் அடுக்கி வைத்திருந்தால் பாதி பாதியாக வெட்டித் தேடலாம். 4 கோடிக்கு 26 வெட்டு போதும். ஒன்றிரண்டு கீக்கு அழகான வழி, 20,000-க்கு வேண்டாம்.

கீ பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும்போது

மேலே சொன்ன எல்லாவற்றையும் கவிழ்ப்பவை இவைதான். என் நேரம் அதிகம் போனதும் இங்கேதான்.

மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக் வரிசையில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, பிறகு எண். உங்கள் மடிக்கணினியின் ஆஸ்கி வரிசையில் எண், பெரிய எழுத்து, சிறிய எழுத்து. பட்டியலை இங்கே சார்ட் செய்து அங்கே ஏற்றினால், எழுத்தும் எண்ணும் கலந்த கீயில் வரிசை தலைகீழ். ஏற்றிய பிறகு அங்கேயே சார்ட் செய்யுங்கள்.

அடுத்தது எக்செல். அது 0004512887 என்பதைப் பார்த்ததும் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கி 4512887 ஆக்கிவிடும். கேட்டால் எண் ஒன்றுதானே என்பார்கள். கோப்புக்கு ஒன்றல்ல.

ஒரு பைட்டில் இரண்டு இலக்கத்தை அடைக்கும் பேக்டு டெசிமல் கீ இன்னும் குழப்பமானது. கடைசி அரை பைட்டில் மிகையா குறையா என்ற குறி இருக்கும். சி-யும் எஃப்-பும் இரண்டுமே மிகை எண். ஆக 5 என்ற எண் ஒரு கோப்பில் 5சி, மற்றதில் 5எஃப். சார்ட் கட்டளையில் பிடி என்று வகை சொன்னால் இரண்டும் சமம். ஆனால் ஜாயின்கீஸில் வகை சொல்ல இடமில்லை. அது பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். அப்படிப்பட்ட கோப்பில் ஜேஎன்எஃப்1கன்ட்ல், ஜேஎன்எஃப்2கன்ட்ல் இரண்டிலும் இன்ரெக் எழுதிக் கீயை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். குறை எண்ணும் கலந்திருந்தால் பைட் வரிசையும் எண் வரிசையும் வேறாகிவிடும். சார்டட் என்று எழுதுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

நீளம் மாறும் விபி கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் நான்கு பைட் நீளக் குறிப்பு உண்டு. டிஎஃப்சார்ட் அதையும் சேர்த்து எண்ணும், கோபால் எண்ணாது. கோபாலில் 1-இல் தொடங்கும் கீ டிஎஃப்சார்ட்டில் 5-இல் தொடங்கும்.

எண்ணிக்கை ஒட்டுகிறதா?

ஜாப் முடிந்து ரிட்டர்ன் கோட் பூஜ்யம் என்றதும் எழுந்துவிடாதீர்கள். ஐசிஇ054ஐ செய்தியில் உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று இருக்கும். பிறகு அதே ஜாயின்கீஸை, ஜாயின் அன்பேர்டு எஃப்2 ஒன்லி என்று மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். ரீஃபார்மட்டில் இந்த முறை எஃப்2-இன் கீயைக் கேளுங்கள். பட்டியலில் இருந்தும் கோப்பில் கிடைக்காத பாலிசிகள் தனியே வரும். வெளியீட்டில் உள்ள வெவ்வேறு பாலிசி எண்களின் எண்ணிக்கையும் இந்த எண்ணிக்கையும் கூடி, இரட்டை நீக்கிய பட்டியலின் எண்ணிக்கைக்குச் சமமாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கோ உடைப்பு இருக்கிறது.

தம்பி ஜாப்பைப் பாதியில் நிறுத்தி, பெரிய சார்ட்டை எடுத்துவிட்டு, சார்டட் சேர்த்து மறுபடி ஓட்டினான். நான் இரண்டாவது காபியை முடிப்பதற்குள் அவன் அழைப்பு வந்துவிட்டது.

"முடிந்துவிட்டது, அண்ணா. ஆனால் 412 பாலிசி கிடைக்கவில்லை."

"பட்டியல் எதில் வந்தது?"

"எக்செல்லில்."

பூஜ்யங்களை நிரப்பி மறுபடி ஓட்டியபோது மிஞ்சியவை மூன்று. அந்த மூன்றும் பட்டியல் தயாரித்தவரே தவறாகத் தட்டிய எண்கள்.